செல்களுக்கு விடுமுறை இல்லை

ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை ஒரு கடையும் திறக்காது. ஆளில்லாத தெருவில் நான் மட்டும் ஆய்வகத்துக்கு நடப்பேன். செல்களுக்கு விடுமுறை கிடையாது. தினமும் பழைய சத்துநீரை எடுத்துவிட்டுப் புதியது ஊற்ற வேண்டும். கருவின் ஸ்டெம் செல் எதுவாகவும் மாறக்கூடியது. இதயமாக்கும் மரபணு, நரம்பாக்கும் மரபணு எல்லாம் அதற்குள்ளேயே இருக்கின்றன. சில புரதங்கள் அவற்றைப் பேசவிடாமல் அடக்கி வைத்திருப்பதும், அது ஸ்டெம் செல்லாகவே நீடிக்க ஒரு காரணம். அப்படியொரு புரதத்தை நீக்கிவிட்டு ஆறு நாள் கவனிப்பது என் வேலை. இந்தச் சோதனை இரண்டு முறை கெட்டுப்போயிருந்தது. மூன்றாவதும் கெட்டால் வேலை நீடிக்காது என்று பயந்துகொண்டிருந்தேன்.

மூன்றாவது சோதனையின் மூன்றாம் நாள், சொந்த ஊரான மொரப்பூரிலிருந்து அண்ணன் கூப்பிட்டார்.

"அம்மாவ தருமபுரி ஆஸ்பத்திரியில சேத்திருக்கோம். ரொம்ப முடியல கண்ணு. உன்னையேதான் கேக்குது."

ஆய்வகத் தலைவி மார்ட்டினாவிடம் ஓடினேன். "மை மதர் இஸ் நாட் வெல்" என்றேன். நம் ஊரில் அம்மாவுக்கு முடியவில்லை என்றால், கேட்பவர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். மார்ட்டினா, சீக்கிரம் குணமாகட்டும் என்று புன்னகைத்துவிட்டுக் கணினிப் பக்கம் திரும்பினாள். போகாதே என்கிறாள் என்று நானாக எடுத்துக்கொண்டேன். விடுப்பு என்ற சொல் என் வாயிலிருந்து வரவே இல்லை.

ஐந்தாம் நாள் நுண்ணோக்கியில் பார்த்தேன். உருண்டு திரண்டிருந்த செல்கூட்டங்கள் ஓரம் கலைந்து, தட்டையாகி, வேறு எதுவோ ஆகிக்கொண்டிருந்தன. இத்தனை மாதம் காத்திருந்த காட்சி. பக்கத்தில் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. எல்லாத் தட்டுகளுக்கும் சத்துநீர் மாற்றிவிட்டுத்தான் கையுறையைக் கழற்றினேன். போனில் அண்ணனின் அழுகை மட்டும் கேட்டது.

நான் அலறிய சத்தம் கேட்டு ஓடிவந்த மார்ட்டினா என்னைப் பிடித்துக்கொண்டாள். "ஏன் சொல்லவில்லை? செல்களை நான் பார்த்திருப்பேனே!"

"சொன்னேனே!" என்று தமிழில் கத்தினேன்.

அடக்கம் முடிந்த மறுநாள்தான் போய்ச் சேர்ந்தேன். வாசலில் பெண்கள் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். அம்மாவின் சேலையைக் கேட்டேன். குழியிலேயே போட்டாயிற்று என்றார் அண்ணன். பள்ளியில் என்னோடு ஒரே பெஞ்சில் படித்த செல்வி, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் மூடி திறக்காத தண்ணீர் பாட்டிலும் கொண்டுவந்தாள். வாடி போடி என்று பேசியவள்.

"இந்தத் தண்ணி உங்களுக்கு ஒத்துக்காதுங்க. ஊருக்கு எப்பக் கெளம்பறீங்க?"

எந்த ஊருக்கு என்கிறாள்? நாற்காலியைத் தள்ளி வைத்துவிட்டுப் பாயில் உட்காரப் போனேன். அவர்கள் மளமளவென்று நகர்ந்து, நான்கு பேர் உட்காரும் அளவுக்கு எனக்கு இடம் விட்டார்கள். அந்த வெற்றுப் பாயின் நடுவில் தனியே உட்கார்ந்தேன்.