புனிதையின் முகத்தில் முத்திரை

மாட்டுப்பட்டிக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட் தபாலாபீசில் நான் வேலை பார்த்தபோது, புனிதர் பட்டம் பெற்ற ஒரு கன்னியாஸ்திரீயின் நினைவுத் தபால்தலை வந்தது. கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவர் அதை வாங்கி, கோயம்புத்தூரில் நர்சிங் படிக்கும் மகளுக்கு எழுதிய கடிதத்தில் ஒட்டிக் கொடுத்தார். நான் முத்திரையை மையில் தொட்டதும் அவர் கை குறுக்கே வந்தது.

"அந்த அம்மா மொகத்துல கரியடிச்சிராதீக, தாயி."

"முத்திரை இல்லாம அனுப்பக்கூடாதுக்கா."

அவர் கடிதத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "தெனமும் போன்ல அழுவுறா. ஒத்தையில பயமா இருக்காம். இவுகளத் தொணைக்கு அனுப்பலாம்னு பாத்தேன்."

முத்திரையைச் சாய்த்துப் பிடித்து, தபால்தலையின் ஓரத்தில் மட்டும் படும்படி அழுத்தினேன். அங்கியின் நுனியில் மட்டும் மை பட்டது. அக்கா உறையை வாங்கிப் பார்த்துவிட்டு நிம்மதியாகத் திருப்பித் தந்தார்.

இரண்டு வாரம் கழித்து வந்தார். "வழியில யாரோ மொகத்து மேலயே இன்னொண்ணு அடிச்சிட்டாகளாம். தொடச்சும் போகலையாம். அப்படியே பைபிள்ல வச்சுக்கிட்டா."

எனக்கு என்னவோபோல் ஆகிவிட்டது. "பயம் போச்சாமாக்கா?" என்று கேட்டேன்.

"கொஞ்சம் பரவாயில்லையாம். பக்கத்துக் கட்டில் பிள்ளையோட சேந்து சாப்புடுறாளாம்" என்றார்.