ஹேவர்க்ளஃப் நாடகக் கூடத்து மூலைக்காரி

வியாழக்கிழமை மத்தியானங்களில் டாரி ஆர்மிடேஜைத் தேடி யாரும் வார்டுக்குப் போவதில்லை. நேரே நாடகக் கூடத்துக்குத்தான் போவார்கள். அதுவும் வாசல் வரை. கதவை ஒரு சாண் திறந்து தலையை மட்டும் உள்ளே நீட்டி, "டாரி, டீ ஆறுது!" என்று ஒரு கத்து கத்திவிட்டுத் திரும்பிவிடுவார்கள். டாரிக்குக் காது மந்தம், அதனால் கத்தத்தான் வேண்டும். ஆனால் அருகே போய்ச் சொல்லலாமே என்றால், அந்தக் கூடத்துக்குள் கால் வைக்க ஹேவர்க்ளஃப் மனநல மருத்துவமனையில் ஒருவருக்கும் இஷ்டமில்லை. தரை துடைக்கிற பெண்கள் இரண்டு பேராகப் போவார்கள். ஒருத்தி துடைக்கும்போது இன்னொருத்தி பாட வேண்டும். பாட்டு நின்றால் மேடையில் யாரோ தொண்டையைக் கனைப்பது கேட்கும்.

அது யாருடைய கனைப்பு என்று டாரிக்குத் தெரியும். வேறு எது கேட்காவிட்டாலும் அவளுக்கு அது கேட்கும்.

மருத்துவமனையைக் கட்டியபோதே, விக்டோரியா ராணி காலத்தில், அந்தக் கூடத்தையும் கட்டினார்கள். வாரமெல்லாம் பூட்டிக் கிடக்கிறவர்களுக்கு ஒரு சாயங்காலமாவது சிரிக்க இடம் வேண்டும் என்று நினைத்தார் முதல் பெரிய டாக்டர். அவர் காலத்தில் காவலாள் வேலைக்கு வருகிறவனிடம் முதல் கேள்வி, "கொம்பு வாத்தியம் ஊதத் தெரியுமா?" திமிறுகிற ஆளைப் பிடித்து அடக்கத் தெரியுமா என்பது இரண்டாவது கேள்விதான். மேடையைச் சுற்றி மரப் பலகைகளில் மீன்கொத்தியும் காட்டுப் பூக்களும் வரைந்தார்கள். ஆண்களுக்கு இடது கதவு, பெண்களுக்கு வலது கதவு. நடுவே கை நீட்டினாலும் கை எட்டாத அகலத்துக்கு ஒரு நடைபாதை. ஆனாலும் அந்த மருத்துவமனையில் ஆணும் பெண்ணும் ஒரே காற்றைச் சுவாசித்தது அந்த ஒரு கூரைக்குக் கீழேதான்.

டாரி வந்தபோது அவளுக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. முழுப் பெயர் டார்கஸ். கம்பளி ஆலையில் அவளும் தங்கையும் அடுத்தடுத்த தறியில் நின்றார்கள். தங்கை தறியிலேயே செத்துப்போனாள். அன்றோடு டாரிக்குப் பேச்சு நின்றது. சர்ச்சில் முன்வரிசையில் நின்று பாடுகிற அப்பா, வீட்டில் ஊமையாக ஒரு பெண் உட்கார்ந்திருப்பதை ஒரு வருஷம் பொறுத்தார். பிறகு ஞாயிற்றுக்கிழமைக் கோட்டைப் போட்டுக்கொண்டு, மலை மேலே பஸ்ஸில் கூட்டிவந்து விட்டுவிட்டுப் போனார்.

தையல் அறையில் போர்வை ஒட்டுப்போட உட்காரவைத்தார்கள். சொன்னதைச் செய்தாள், வாயைத் திறக்கவில்லை. ஒரு சாயங்காலம் நாடகம் நடந்துகொண்டிருந்தபோது, கார்னெட் என்கிற கொம்பு வாத்தியம் வாசிப்பவரும் நாடகங்களை நடத்துபவருமான காவலாள் ஆக்டன் கவனித்தார்: பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த டாரியின் உதடுகள் ஒவ்வொரு நடிகனுடைய வசனத்துக்கும் அசைந்தன. மூன்று ஒத்திகையை ஓரமாய் நின்று பார்த்ததிலேயே நாடகம் முழுக்க அவளுக்கு மனப்பாடம் ஆகியிருந்தது.

"ஏம்மா," என்றார் ஆக்டன், "அந்த மூலையில உக்காரு. எவன் முழிக்கிறானோ அவனுக்கு எடுத்துக் குடு. நீயாப் பேசினதா யாரும் கணக்கு வெக்க மாட்டாங்க. அவன் வசனம் அது."

மேடையின் வலது ஓரத்தில், படுதாவுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு முக்காலி. அங்கே உட்கார்ந்துதான் டாரி திரும்பப் பேசினாள். மேடையில் இருப்பவனுக்குக் கேட்க வேண்டும், முதல் வரிசையில் இருப்பவனுக்குக்கூடக் கேட்கக் கூடாது; அப்படி ஒரு குரல். அவள் முதன்முதலாக எடுத்துக் கொடுத்த ஆள் லெனார்ட் ஃபிர்த்.

ரயில்வேயில் கைகாட்டி இழுத்துக்கொண்டிருந்தவன் லெனார்ட். ஒரு பனிமூட்ட நாளில் எந்த ரயிலும் மோதவில்லை, யாரும் சாகவில்லை. ஆனால் மோதிவிட்டது என்று அவன் நம்பினான். அழுகையை நிறுத்த முடியாமல் வந்து சேர்ந்தான். உயரமானவன், நல்ல குரல், ஆனால் மறதி. வசனத்தின் நடுவே நிற்பான். இரண்டு தரம் கனைப்பான். மூலைப் பக்கம் லேசாகத் தலை சாயும். டாரி எடுத்துக் கொடுப்பாள்.

"ஃபிர்த்துக்கு மண்டையில ஓட்டை," என்று எல்லோரும் சிரித்தார்கள்.

ஒரு குளிர்காலம் போன பிறகுதான் டாரிக்கு விஷயம் புரிந்தது. சலவை முற்றத்துச் சுவருக்கு அந்தப் பக்கம், நிலக்கரி வாரிக்கொண்டே லெனார்ட் முழு நாடகத்தையும் ஒரு சொல் பிசகாமல் சொல்லிக்கொண்டிருந்தான். அடுத்த ஒத்திகையில் படுதா சுருட்டும் சாக்கில் அவன் பக்கத்தில் வந்தபோது அவள் கேட்டாள். அவளாகப் பேசிய முதல் வார்த்தைகள் அவை.

"உனக்குத்தான் எல்லாம் தெரியுமே. ஏன் நிக்கிற?"

"நான் மறந்தாத்தானே நீ பேசுவ, மூலைக்காரி."

அவள் பெயர் அப்போது அவனுக்குத் தெரியாது. தெரிந்த பிறகும் அவன் மாற்றிக்கொள்ளவில்லை. வேறு யாரும் அப்படிக் கூப்பிட்டதும் இல்லை, கேட்டதும் இல்லை.

அந்தக் கோடையில் ஆக்டன் எடுத்துக்கொண்டது துறைமுகத்து விளக்குக்காரன் ஒருவனைப் பற்றிய நாடகம். எப்போதோ இருந்த மருத்துவமனைப் பாதிரியார் எழுதியது. மனைவி மார்கரெட்டுடன் விளக்குக்காரன் இரவெல்லாம் காத்திருக்கிறான். காணாமல்போன படகு வருகிறதா இல்லையா என்பது கதை. கடைசி வசனம் லெனார்டுடையது; டாரி அதைப் பிரதியில் படித்து வைத்திருந்தாள். அதோடு திரை விழும்.

நாடகக்காரர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. ஒத்திகையில் கடைசி வசனத்தைச் சொல்ல மாட்டார்கள். பார்க்க ஆள் இல்லாமல் ஒரு நாடகத்தை முடிப்பது ஆகாது என்பார்கள். அதை அரங்கேற்றத்தன்று, ஜனங்கள் முன்னால்தான் சொல்ல வேண்டும். அந்த இடம் வந்ததும் லெனார்ட் ஏதாவது உளறிவைப்பான். பெரும்பாலும் அன்றைய சாப்பாடு.

"மார்கரெட், இன்னிக்கும் முட்டைக்கோசுதான்."

"அது பைபிள்ல வர்ற சாபம் மாதிரி இருக்கு," என்பார் ஆக்டன். "சரி, திரை!"

அரங்கேற்றம் செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை என்று வைத்திருந்தார்கள். அந்த வாரம் போர் அறிவித்துவிட்டார்கள். கூடம் அடிபட்ட சிப்பாய்களுக்கு வேண்டுமாம். ஆண்கள் வார்டுகளையும் காலி பண்ண வேண்டுமாம். நோயாளிகளை லாரிகளில் ஏற்றி மலைக்கு அந்தப் பக்கம் வேறொரு மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். நாடகப் பிரதிகள்கூடப் போர்க்காலக் காகிதச் சேகரிப்பில் போய்விட்டன.

டாரி தையல் அறை ஜன்னலிலிருந்து பார்த்தாள். லாரியில் ஏறிய லெனார்ட் திரும்பி, வரிசையாக இருந்த ஜன்னல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். அவளைக் கண்டுபிடித்தான். கை தொண்டைக்குப் போயிற்று. வாய் திறந்தது, மூடியது. தலை லேசாகச் சாய்ந்தது. நடுவே கண்ணாடி. அவளால் ஒன்றும் எடுத்துக் கொடுக்க முடியவில்லை. அவன் தேடியது எந்த வசனம் என்றும் அவளுக்குத் தெரியவில்லை.

அந்தக் குளிர்காலமே அவன் மார்ச்சளியில் செத்துப்போனான். கிழிந்த தலையணை உறைகளைக் கொண்டுவந்து போட்ட காவலாள் ஒருவன் போகிற போக்கில் சொன்னான்: "ஞாபகமிருக்கா, அந்த ஓட்டை மண்டை ஃபிர்த்? போயிட்டானாம்."

டாரி ஊசியைக் குத்தி வைத்துவிட்டு, ஒட்டுப்போட்ட போர்வைகளை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள். நடைபாதையில்கூடக் கட்டில்கள். மேடையிலும் நான்கு கட்டில். அவற்றில் பையன்கள் தூங்கினார்கள். போர்வையைக் கால்மாட்டில் வைக்கும்போது, கட்டில்களுக்கு நடுவே, விளக்குக்காரன் நிற்க வேண்டிய அதே இடத்தில், இரண்டு தரம் கனைப்பு.

கடைசி வசனம் அவள் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

எடுத்துக் கொடுத்தால் சொல்லிவிடுவான். சொல்லிவிட்டால் நாடகம் முடியும். முடிந்தால் நடிகன் மேடையை விட்டு இறங்கிப் போவான். எடுத்துக் கொடுக்காவிட்டால் நிற்பான். அவள் நிற்க வைத்துக்கொண்டாள்.

போர் முடிந்து கட்டில்கள் போயின. சினிமா காட்டினார்கள், நடனம் வைத்தார்கள். பிறகு புது மாத்திரைகள் வந்தன. நாடகம் யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. கூடத்தில் உடைந்த சக்கர நாற்காலிகளைப் போட்டு வைத்தார்கள். மீன்கொத்திகளின் மேல் ஈரம் ஏறியது. வியாழக்கிழமை ஒத்திகை நாள். டாரி வியாழக்கிழமை தவறாமல் முக்காலிக்குப் போனாள். அந்த வாரத்துச் செய்தியெல்லாம் சொல்வாள். யார் போனார்கள், யார் வந்தார்கள், என்ன சாப்பாடு. அவன் கனைப்பான். அவள் கேட்காத மாதிரி வேறு பேச்சு எடுப்பாள்.

நடுவில் ஒரு இளம் டாக்டர், "உங்களுக்கு ஒரு வியாதியும் இல்லையே, வெளியே போகலாமே," என்றார்.

"போனா வியாழக்கிழமை என்ன பண்றது?" என்று டாரி கேட்டாள். இன்னும் குணமாகவில்லை என்று அவர் முடிவுக்கு வந்தார்.

அப்படியே ஐம்பது வருஷம் ஓடியது. மருத்துவமனையையே மூடப்போகிறார்கள் என்று செய்தி வந்தது. கடைசி ஆட்களில் டாரியும் ஒருத்தி. கீழே ஊரில் நான்கு பேர் இருக்கிற மாதிரி ஒரு வீடு பார்த்திருந்தார்கள். கூட்டிப்போக வண்டி வந்து நின்றது. வார்டு நர்ஸ் மொய்ரா டாரியின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வார்டெல்லாம் தேடிவிட்டு, வேறு வழியில்லாமல் நாடகக் கூடத்துக் கதவைத் தள்ளினாள். வியாழக்கிழமை என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை.

"டாரி! வண்டிக்காரன் ஹார்ன் அடிச்சே பேட்டரியத் தீர்த்துடுவான். வாங்க கண்ணு."

"நான் வரல."

மொய்ரா உள்ளே வந்தாள். தனியாக, பாடாமல். "புது ரூமைப் பாத்தீங்கல்ல? உங்க கதவுக்கு உங்க கையிலேயே சாவி. என்னை வெளிய தள்ளிப் பூட்டலாம். எத்தனை வருஷமா ஆசைப்பட்டிருப்பீங்க."

டாரி சிரிக்கவில்லை. "இதை என்ன பண்ணப்போறாங்க?"

"எதை, கூடத்தையா? ஜன்னலுக்கெல்லாம் பலகை அடிச்சுப் பூட்டிடுவாங்க. பின்னால இடிப்பாங்களோ என்னவோ."

"அப்போ அவன்?"

"எவன்?"

டாரி சொன்னாள். மொய்ரா நோயாளிகள் சொல்கிற எத்தனையோ கதைகளைக் கேட்டவள்தான். ஆனாலும் பெட்டியைக் கீழே வைத்துவிட்டாள். டாரி எல்லாவற்றையும் சொல்லவில்லை. ஒருவன் இருந்தான், வசனம் மறப்பான், கடைசி வசனம் இன்னும் பாக்கி என்று மட்டும் சொன்னாள். என்ன வசனம் என்று சொல்லவில்லை. அவன் அவளை எப்படிக் கூப்பிட்டான் என்றும் சொல்லவில்லை.

"ஐம்பது வருஷமா ஒரு ஆம்பளைய நிக்க வெச்சிருக்கீங்களா?" என்றாள் மொய்ரா. விளையாட்டாகத்தான் ஆரம்பித்தாள், ஆனால் குரல் இறங்கிவிட்டது. "எங்க வீட்டு ஆளு பஸ் ஸ்டாப்புல அஞ்சு நிமிஷம் எனக்காக நிக்க மாட்டான்."

"நான் இருக்கிற வரைக்கும் பேச்சுத் துணைக்காவது ஆச்சு. பலகை அடிச்சா இருட்டுல ஒத்தையில நிப்பான். பாவம், அவனுக்கு மூட்டம்னாலே ஆகாது."

"அப்போ எடுத்துக் குடுத்துடுங்களேன்."

"குடுத்தா போயிடுவானே, பொண்ணே."

வெளியே மறுபடி ஹார்ன். டாரி மேடையின் நடுவை ஒரு தரம் பார்த்தாள். பிறகு, "பாக்க ஆள் வேணும்," என்றாள். "ஆள் இல்லாம முடிக்கக் கூடாது. நீ போய் உக்காரு."

"நானா? இங்கயா? டாரி, எனக்குக் காலெல்லாம் நடுங்குது."

"நடுங்கட்டும், உக்காந்துக்கிட்டு நடுங்கு. அந்தப் பக்கம் இல்ல, அது ஆம்பளைங்க பக்கம்."

மொய்ரா வலது பக்கம், உடைந்த சக்கர நாற்காலிகளுக்கு நடுவே ஒன்றை இழுத்துப் போட்டுக்கொண்டு, கோட்டை இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்தாள். டாரி படுதாவுக்குப் பின்னால் முக்காலிக்குப் போனாள். அங்கிருந்து மொய்ரா தெரியவில்லை. மேடையின் நடுப்பலகைகள் மட்டும் தெரிந்தன. மேல் ஜன்னலிலிருந்து மேகத்து வெளிச்சம் விழுந்துகொண்டிருந்தது.

கனைப்பு. ஒரு தரம். இன்னொரு தரம்.

இந்தத் தடவை டாரி பேச்சை மாற்றவில்லை. முன்னால் குனிந்து, மேடைக்கு மட்டும் கேட்கிற அந்தப் பழைய குரலில், வசனத்தை எடுத்துக் கொடுத்தாள். ஒரே தரம்.

பிறகு காத்திருந்தாள். அவள் காதுக்கு ஒன்றும் எட்டவில்லை. கூரையில் மழை பெய்திருந்தாலும் கேட்டிருக்காது. நடுப்பலகையில் வெளிச்சம் அப்படியே கிடந்தது. மூன்றாவது கனைப்பு வருமோ என்று கேட்டாள். வரவில்லை. அப்புறமும் கேட்டாள். அந்தக் கூடத்தில் அவள் வந்த நாள் முதல் இல்லாத ஒரு வெறுமை இருந்தது. எழுந்துபோனவன் விட்டுப்போன நாற்காலியில் இருக்குமே, அந்த மாதிரி.

எட்டிப் பார்த்தாள். மொய்ரா எழுந்து நின்றிருந்தாள். முகத்தில் ரத்தம் இல்லை. கைகள் மட்டும் தாமாகத் தட்டிக்கொண்டிருந்தன.

வண்டி மலையிறங்கியது. மொய்ரா டாரியின் கையை விடாமல் பிடித்திருந்தாள். யாருக்கு யார் துணை என்று தெரியவில்லை. கீழே ஊரின் ஆலைப் புகைபோக்கிகள் தெரிந்தபோது டாரி கேட்டாள்.

"என்ன சொன்னான்?"

மொய்ரா திரும்பிப் பார்த்தாள். "உங்களுக்குக் கேக்கலையா?"

"எனக்கெங்க கேக்குது. நான் எடுத்துக் குடுத்தது உனக்குக் கேட்டுச்சா?"

"நீங்க பேசினதே கேக்கல. அவரு சொன்னதுதான்..." மொய்ரா நெருங்கி உட்கார்ந்தாள். முன்னால் இருந்த வண்டிக்காரனுக்குக் கேட்காமல், டாரியின் காதில் வாயை வைத்துச் சொன்னாள். "'விளக்கை அணைத்துவிடு, மூலைக்காரி. விடிந்துவிட்டது.'" பிறகு, "யாரு டாரி, மூலைக்காரி?" என்றாள்.

டாரி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ரயில் பாலத்தடியில் வண்டி நுழைந்து வெளியே வந்தது.

"மார்கரெட்," என்றாள். "மார்கரெட்னு சொல்லணும். நான் அப்படித்தான் எடுத்துக் குடுத்தேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பாத்தியா, கடைசி வரைக்கும் அவன் சரியாச் சொல்லல."