ஐம்பத்து நான்கு புள்ளி இரண்டு ஐந்து

அஸ்தினாபுரத்தில் எங்கள் மொட்டைமாடியில் ஒரு ஆன்டெனா உண்டு. அமெச்சூர் ரேடியோ வைத்திருப்பவர்களின் கருவிகள், தாங்கள் இருக்கும் இடத்தையும் நகரும் வேகத்தையும் சிறு சமிக்ஞையாக அனுப்பும். அதைப் பிடித்து இணையத்தில் ஏற்றுவது என் நிலையத்தின் வேலை. கேட்கும், பதில் அனுப்பாது. வருவதையெல்லாம் நேரம் போட்டு நோட்டில் எழுதிவைப்பேன்.

மழை விடாமல் பெய்த மூன்றாம் நாள், செவ்வாய்க்கிழமை, பிற்பகல் 2.10க்கு நண்பர் ஒருவரின் சமிக்ஞை வந்தது. முடிச்சூர் பக்கம் ஒரு புது மனைப்பிரிவில் அண்மையில்தான் குடியேறியிருந்தார். தெருவுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. நானும் அந்த வீட்டைப் பார்த்ததில்லை. அங்கே செல்போன் காலையிலேயே செயலிழந்துவிட்டது. இடத்தோடு ஒரு செய்தியும் சேர்த்திருந்தார்: "மாடியில் இருக்கோம். அப்பாவுக்கு ஆக்சிஜன் நாலு மணி வரைதான். பேட்டரி கம்மி. அரை மணிக்கு ஒரு தடவை அனுப்பிட்டு ரேடியோவை ஆஃப் பண்ணிடுவேன்."

மீட்புப் படகு ஒன்றில் போய்க்கொண்டிருந்த தன்னார்வலரின் எண் கிடைத்தது. படகில் இணையம் எடுக்கவில்லை, பேச்சு மட்டும் விட்டுவிட்டுக் கேட்டது. அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைச் சொன்னால் ஜிபிஎஸ் கருவியில் போட்டுக்கொள்வதாகச் சொன்னார். நோட்டைப் பார்த்து இரண்டு முறை நிதானமாகப் படித்தேன்.

2.40க்கு மறுபடி சமிக்ஞை, அதே இடம். 3.05க்குத் தொலைபேசியில் வந்தது படகோட்டி.

"சார், நீ சொன்ன எடத்துல வூடே இல்ல. கம்பெனி காம்பவுண்டு சுவருதான் கீது. தண்ணி இழுக்குது, நிக்க முடியல."

நோட்டில் அப்படித்தான் இருக்கிறது, இன்னொரு சுற்று பாருங்கள் என்றேன்.

"அவுங்க இன்னா, உன் நோட்டுக்குள்ளயா குந்திகினு கீறாங்க?"

இணைப்பு அறுந்தது. 3.10க்கு வந்த சமிக்ஞையை இந்த முறை திரையிலேயே பார்த்தேன். அட்சரேகையில் நிமிடம் 54.25 என்று இருந்தது. நான் எழுதியிருந்தது 54 நிமிடம், 25 விநாடி. பழைய நில அளவை அறிக்கைகளை வருடக்கணக்காகப் படியெடுத்த கை, புள்ளிக்குப் பின்னால் வந்ததை விநாடி என்று எழுதிவிட்டது. அது கால் நிமிடம், பதினைந்து விநாடிதான். தீர்க்கரேகையிலும் அதே பிழை. இரண்டும் சேர்ந்து படகை அரை கிலோமீட்டருக்கு மேல் வடகிழக்கே தள்ளியிருந்தன.

நான்கு முறை அழைத்தும் கிடைக்கவில்லை. 3.22க்குத் தன்னார்வலர் எடுத்தார். தென்மேற்கே திரும்பச் சொல்லிப் புது எண்களை ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் திருப்பிச் சொல்லும்போதே குரல் போய்விட்டது.

3.40க்கு வரவேண்டியது வரவில்லை. 3.45க்கும் இல்லை. மனைவி வாசற்படியில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். 3.52க்குத் திரையில் புள்ளி விழுந்தது. இடம் மாறியிருந்தது. வேகம், மணிக்கு நான்கு கிலோமீட்டர்.

சாயங்காலம் தாம்பரத்தில் ஒரு மருத்துவமனையிலிருந்து நண்பர் பேசினார். அப்பா கண் திறந்து பார்த்ததாகச் சொல்லி, எனக்கு நன்றியும் சொன்னார். நோட்டில் நான் செய்த தவறைச் சொன்னேன்.

"மூணு மணி சுமாருக்குப் படகு சத்தம் கேட்டுது சார். அப்பாகிட்ட, வந்துட்டாங்கப்பான்னு சொல்லிட்டேன். அப்புறம் அது அப்படியே தூரமா போயிடுச்சு. அது இதுதானா?"

"இதுதான்" என்றேன்.