மாமி கேட்ட கதவு

நூலின் ஒரு முனை மேசனின் கையில் இருந்தது, மறு முனை மாமியின் கையில். பின்வளவில் சமையலுக்கென்று இருந்த பழைய குசினியை உடைத்து அள்ளி, நிலத்தை மட்டமாக்கி, அன்று காலைதான் புது வீட்டுக்கு அளவு போடத் தொடங்கியிருந்தோம். நான் வீட்டுப் படத்தைச் சுருட்டிக் கையில் பிடித்தபடி, ஏதோ திறப்பு விழாவுக்கு வந்த பிரமுகரைப் போல நடுவில் நின்றேன். மேசன் கடைசி முளையை அடித்துவிட்டு நிமிர்ந்தார். கையை இடுப்புச் சாரத்தில் துடைத்துக்கொண்டு, வெகு சாதாரணமாக ஒரு கேள்வி கேட்டார். “எல்லாம் சரி சேர். இதில ராத்தாட அறை எது?” அவர் ராத்தா என்றது மாமியை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்தப் படத்தை வரைந்தவனே நான்தான். ஆனாலும் அதை விரித்து, தெரியாத ஊரில் வழி தேடுகிறவனைப் போலப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

எங்கள் பக்கத்தில் கல்யாணம் என்றால் முதலில் பெண்ணுக்கு ஒரு வீடு வேண்டும். மாப்பிள்ளைதான் உடுப்புப் பெட்டியோடு பெண் வீட்டுக்குப் போவார். ஏறாவூரில் பிறந்த நான் காத்தான்குடிக்காரன் ஆனது அப்படித்தான். வீடு மகளின் பெயருக்கு எழுதப்பட்ட பிறகு பெற்றவர்கள் முன்வீட்டை விட்டுப் பின்னால் ஒதுங்குவார்கள். என் மனைவியின் வாப்பா எங்கள் கல்யாணத்துக்கு முன்பே மௌத்தாகிவிட்டார். ஆகவே நாங்கள் முன்வீட்டுக்குள் புகுந்த அன்று மாமியும் என் மனைவியின் தங்கையான மச்சியும் தங்கள் பாய் தலையணைகளை எடுத்துக்கொண்டு பின்குசினிக்குப் போனார்கள். அதை யாரும் பெரிய தியாகமாகச் சொல்வதில்லை. ஊர் வழக்கம், அவ்வளவுதான். நானும் அதைப் பற்றி யோசித்ததில்லை என்பதை இப்போது வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

அந்த வீட்டில் நான் ஆறு வருடங்களாக ஓர் ஆணிகூட அடித்ததில்லை. மருமகன் சுவரில் கைவைத்தால் அது ஒரு மாதிரி. எனக்கென்று இருந்த ஒரே இடம் பக்கத்து விறாந்தை. பின்னேரங்களில் அங்கேதான் கணித டியூஷன் நடத்தினேன். பிள்ளைகள் இருக்க நாலு வாங்குகள், ஒரு கரும்பலகை, மூலையில் என் மோட்டார் சைக்கிள். அந்த விறாந்தையில் நின்றால்தான் எனக்குக் குரல் கொஞ்சம் உயரும்.

மாமியும் நானும் நேருக்கு நேர் கதைத்ததும் கிடையாது. மருமகனுக்கு முன்னால் வந்து நின்று பேசுவது அவருடைய பழக்கம் இல்லை. திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து, “கறிக்கு உப்புக் காணுமா எண்டு மருமகனிட்டக் கேளு புள்ள” என்பார். அது எனக்குத் தெளிவாகக் கேட்கும். மனைவி அதையே திரும்ப என்னிடம் கேட்பாள். நான் மனைவிக்குப் பதில் சொல்வேன். அது மாமிக்குத் தெளிவாகக் கேட்கும். ஒரு சிட்டிகை உப்புக்கு மூன்று பேர் மினக்கெட்டோம். இதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. மரியாதையான குடும்பம் என்று ஏறாவூரில் பெருமையாகச் சொல்லிக்கொண்டும் திரிந்தேன்.

மச்சிக்குச் சம்பந்தம் பொருந்தியதும் வீட்டுப் பிரச்சினை வந்தது. வேறு காணி இல்லை. பின்குசினியை உடைத்து முழு வீடாகக் கட்டுவது, முன்வீட்டின் ஒழுகும் கூரையையும் அதோடு சேர்த்துத் திருத்துவது என்று முடிவாயிற்று. கட்டி முடியும் வரை மாமியும் மச்சியும் எங்கள் ஹோலில் பாய் விரித்துக்கொண்டார்கள். கணித வாத்தியார் வீட்டில் இருக்கும்போது படம் வரைய வெளியே ஆள் எதற்கு? நானே அளந்து, கீறி, அழித்து, மறுபடி கீறினேன். பிறகு முறைப்படி கையெழுத்து வாங்கி நகர சபையில் அனுமதியும் எடுத்தாயிற்று.

வரைந்தது நான் என்றாலும் வேலையை நடத்தியது மாமிதான். அவருக்குப் படம் வாசிக்கத் தெரியாது, நடக்கத் தெரியும். முதல் படத்தை நான் கொடுத்தபோது மனைவியை வாசிக்கச் சொல்லிவிட்டு, முற்றத்து மணலில் அடிக்கு அடி பாதம் வைத்து நடந்து பார்த்தார். ஓரிடத்தில் நின்று மூக்கைச் சுளித்தார். “இதில குசினியை வெச்சா, கச்சான் அடிக்கிற மாசத்தில புகை முழுக்க ஹோலுக்குள்ளதான் போகும் எண்டு மருமகனிட்டச் சொல்லு.” நான் அப்போது மூன்று முழம் தள்ளித்தான் நின்றேன். காற்றைப் பற்றி என் படத்தில் ஒரு கோடும் இல்லை. குசினியை மறுபக்கம் மாற்றினேன்.

மணல் லோட் வந்தால் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துப் பார்ப்பார். கரித்தால் லொறி வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். சீமெந்துப் பைகளை ஒவ்வொன்றாக விரலால் குத்தி, கட்டி பிடித்ததைத் தனியே வைப்பார். மச்சியின் தையல் மெஷினுக்கு வெளிச்சம் எந்தச் சன்னலால் வரும், வரப்போகும் மாப்பிள்ளை தொழுகைக்கு ஒழுச் செய்யப் பைப் எந்த உயரத்தில் இருக்க வேண்டும், நாளைக்குப் பிள்ளை பிறந்தால் தொட்டில் எந்தக் கூரை வளையில் கட்டலாம் என்று எல்லாவற்றுக்கும் அவரிடம் பதில் இருந்தது. இன்னும் பிறக்காத பிள்ளைக்குக்கூட இடம் பார்த்து வைத்திருந்தார்.

அப்படிப்பட்ட மனுசிக்குத்தான் அந்த வீட்டில் அறை இல்லை. தவறு எப்படி நடந்தது என்று பிறகு எத்தனையோ தரம் யோசித்திருக்கிறேன். பின்னால்தானே புது வீடு வருகிறது, உம்மா அங்கே இருப்பா என்று முன்வீட்டில் நாங்கள் நினைத்தோம். கல்யாணமான புதிதில் இரண்டு அறைக்குள் எப்படி, உம்மா முன்னுக்குத்தான் இருப்பா என்று மச்சி நினைத்தாள். மாமியோ, மருமகன் கீறிய படத்தில் தனக்கு இடம் கேட்பது மரியாதையில்லை என்று இருந்துவிட்டார். மாமியிடம் நேரே கேட்பது முறையில்லை என்று நானும் இருந்துவிட்டேன். மரியாதை பார்த்துப் பார்த்தே ஒரு மனுசியை வீட்டுக்கு வெளியே விட்டிருந்தோம். படத்தின் வலது மூலையில், பக்கத்து விறாந்தையில், நான் என் கைப்பட அழகாக எழுதியிருந்தேன்: மோட்டார் சைக்கிள். அதற்கும் இடம் இருந்தது.

மாமி மேசனைப் பார்த்துச் சிரித்தார். “எனக்கென்னத்துக்கு அறை? ஒரு பாய் விரிக்கிற இடம் எங்கயும் கிடைக்காமலா போகும்? நீங்க நூலைப் பிடிங்க.”

மச்சி அங்கேயே அழத் தொடங்கினாள். தனக்கு வீடும் வேண்டாம், கல்யாணமும் வேண்டாம் என்றாள். மாமிக்குக் கோபம் வந்துவிட்டது. நோன்புக்குப் பிறகு கல்யாணம் என்று பேசியாயிற்று, வேலை ஒரு மாதம் பிந்தினால் மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்கள், கிழவிக்கு அறை கட்டப் போய் குமருடைய கல்யாணம் நிற்க வேண்டுமா என்று படபடத்தார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. புது வீட்டில் ஓர் அடிகூடக் கூட்ட முடியாது. மதிலுக்கும் சுவருக்கும் விட வேண்டிய இடத்தை விட்ட பிறகு அங்கே மிச்சம் எதுவும் இல்லை.

அன்று பகல் முழுக்க அந்தப் படத்தை வைத்துக்கொண்டு இருந்தேன். எத்தனை விதமாகக் கூட்டிக் கழித்தாலும் ஒரே விடைதான் வந்தது. அந்த விடை எனக்குப் பிடிக்கவில்லை. பக்கத்து விறாந்தையின் இரண்டு பக்கம் சுவர் எழுப்பினால் நல்ல அறை ஒன்று வரும். முன்வீட்டோடு ஒட்டியது, பின்வீட்டுக்கும் நாலு எட்டு. உண்மையைச் சொன்னால், மனைவியிடம் அதைச் சொல்ல எனக்குப் பின்னேர அஸர் தொழுகை வரை எடுத்தது. அவள் ஒரு நிமிடமும் யோசிக்கவில்லை. “என்ட வீடுதானே, நான் ஓம் எண்டு சொல்லிட்டன்” என்றாள். ஆறு வருடத்தில் அந்த வீடு தன்னுடையது என்று அவள் சொல்லிக் கேட்டது அன்றுதான். எனக்குக் கொஞ்சமும் வலிக்கவில்லை, சந்தோசமாகவே இருந்தது.

திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து மாமியின் குரல் வந்தது. “மருமகன்ட இடத்தை நான் எடுக்கிறதா? ஊர் என்ன சொல்லும் எண்டு கேளு புள்ள.”

நான் எழுந்துபோய் அந்தச் சீலையை ஒதுக்கினேன். மாமி அவசரமாக முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். “மாமி, வீட்டில இருக்கிற எல்லாரிட்டயும் என்ன வேணும் எண்டு கேட்டன். உங்களிட்ட மட்டும் கேக்கல்ல. இப்ப கேக்கிறன். உங்களுக்கு என்ன வேணும்?”

அவர் என்னைப் பார்க்கவில்லை. சுளகில் இருந்த அரிசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுளகை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். கெடுத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். மறுநாள் காலை நான் பாடசாலைக்குப் போகச் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது மாமி விறாந்தைக்கு வந்தார். திரையும் இல்லை, இடையில் மகளும் இல்லை. நேரே எனக்கு முன்னால் நின்றார்.

“ஒரு கதவு வேணும் மகன். உள்ளுக்குக் கொண்டி போடுற கதவு.”

அவ்வளவுதான் கேட்டார். பிறகு அதற்குக் காரணம் சொல்வது போல மெதுவாகச் சொன்னார். சின்ன வயதில் ஹோலில் படுத்தவர். கல்யாணமாகி மூன்று வருடத்தில் பிள்ளைகள், பிறகு அவர்களோடு ஒரே அறை. பிறகு குசினி. குசினிக்குக் கதவு ஏது, இருந்தாலும் அதை யார் மூடுவார்கள்? “ஒரு நாளும் கதவைச் சாத்திப் போட்டு இருந்ததில்ல மகன். எப்பிடி இருக்கும் எண்டு ஒருக்கா பாக்கணும்.” ஓம் மாமி என்று சொல்லிவிட்டு, மற்றச் சப்பாத்தின் கயிற்றைக் கட்டாமலே மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

டியூஷன் வாங்குகள் முற்றத்துத் தகரக் கொட்டகைக்குப் போயின. மழைக்காலத்தில் தகரத்துச் சத்தத்தில் நான் சொல்வது பிள்ளைகளுக்குக் கேட்காது. என்னைவிட அவர்களுக்குத்தான் அது வசதி. கதவு செய்ய வந்த ஓடாவியை மாமி படுத்திய பாடு கொஞ்சமல்ல. பலகையைத் தட்டிப் பார்த்தார், வெடிப்பைத் தடவிப் பார்த்தார். கொண்டி பூட்டி முடிந்ததும் உள்ளே போய்ப் போட்டார், திறந்தார், மறுபடி போட்டார். ஓடாவி என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன்.

மச்சியின் கல்யாணம் பேசிய நாளிலேயே நடந்தது. மாப்பிள்ளை வந்து, விருந்தெல்லாம் ஓய்ந்து, வீடு தன் வேலைக்குத் திரும்பிய முதல் பகலில், லுஹர் தொழுதுவிட்டு மாமி தன் அறைக்குள் போனார். கொண்டி விழுந்த சத்தம் எங்கள் எல்லோருக்கும் கேட்டது. மனைவிக்கு மிளகாய்த்தூள் டின்னைக் காணவில்லை. என் சின்ன மகள் தன் மூத்தம்மாவான மாமியைத் தேடி அழுதாள். மச்சி பின்வீட்டிலிருந்து ஏதோ கேட்க ஓடிவந்தாள். மூன்று பேரும் அந்தக் கதவுக்கு முன்னால் வந்து நின்றார்கள். கூப்பிடுவதா வேண்டாமா என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அதுவரை மாமியைப் பார்க்க யாரும் எந்தக் கதவையும் தட்டியதில்லை.

இப்போது மாமிக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. என் மகளும் வளர்ந்துவிட்டாள். ஆகவே முன்வீட்டுக்கு மேல்மாடி எடுக்கும் கதை தொடங்கிவிட்டது. சென்ற கிழமை அதே மேசன் அளவெடுக்க வந்தார், தலைமயிர் முழுக்க நரைத்துவிட்டது. வந்த நேரம் பகல் ஒன்றரை, மாமி கொண்டி போட்டிருக்கும் நேரம். தேத்தண்ணீர் குடித்து முடித்தார், நாட்டு நடப்பும் கதைத்து முடித்தார். நேரம் பார்த்தார். “தொடங்குவமா சேர்? எனக்கு ஏறாவூரிலயும் ஒரு வேலை இரிக்கி.”

நான் போய் அந்தக் கதவை மெதுவாகத் தட்டினேன்.

“ஆரு?”

“நான்தான் மாமி. மேசன் வந்து இரிக்கார்.”

அவசரமே இல்லாத ஒரு குரல். “இரிக்கச் சொல்லுங்க மகன். வாறன்.”

மேசனுக்கு இன்னொரு தேத்தண்ணீர் ஊற்றச் சொன்னேன்.