அண்ணன் வண்டிக்குப் போட்ட கதவு

எங்கள் வீட்டுக் கொல்லையில் இருக்கிற எஞ்சின் ரூமின் கதவைப் போல இன்னொரு கதவு கிளிஞ்சல்மேட்டில் எந்த வீட்டிலும் கிடையாது. வருகிறவர்கள் எல்லோரும் ஒருமுறை தட்டிப் பார்த்து, அப்பாவை மெச்சிவிட்டுத்தான் போவார்கள். எனக்கு மட்டும் அதைப் பார்த்தால் வயிறு எரியும். இப்போதும் எரிகிறது.

எஞ்சின் ரூம் என்று பெயர்தானே தவிர, அதில் எஞ்சின் இருந்து பல வருடம் ஆகிறது. அப்பா ஃபைபர் படகு வைத்திருந்தபோது, கரைக்கு வந்ததும் எஞ்சினைக் கழற்றித் தோளில் சுமந்துவந்து அங்கேதான் வைப்பார். முட்டிவலி வந்து படகை விற்ற பிறகு, அந்த இடத்தில் அண்ணனின் புல்லட் வந்து நின்றது. அண்ணன் டவுனில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள ஒரு குடும்பத்தில் பெண் எடுத்து பிரான்சுக்குப் போய்விட்டவன். வருடா வருடம் வந்து ஓட்டப்போவதாகச் சொல்லி வண்டியை விற்காமல் போனான். முதலில் வந்துகொண்டுதான் இருந்தான். அப்புறம் வீடியோ காலில் மட்டும் வந்தான்.

என்னைக் கல்யாணம் செய்துகொடுத்த இடத்தில் ஒத்துவராமல் பெட்டியோடு திரும்பி வந்தவள் நான். அம்மா அதற்கு முன்பே தவறிப்போயிருந்தாள். வாசலில் என் பெட்டியைப் பார்த்த அப்பா, "உள்ள வாம்மா" என்றார். அதற்கு மேல் அன்றும் எதுவும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. அது அவருடைய பெருந்தன்மை என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். கதவு போடுகிற வரைக்கும் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

டவுனில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலைக்குச் சேர்ந்து, தவணையில் ஒரு ஸ்கூட்டர் வாங்கினேன். அது வாசல் முருங்கை மரத்தடியில் வெயிலிலும் மழையிலும் நின்றது. இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். என் அறைக் கதவின் தாழ்ப்பாள் நான் வந்த வருடமே கழன்று விழுந்துவிட்டது. அப்பாவிடம் சொன்னேன். பார்க்கலாம் என்றார். அன்றிலிருந்து ஒரு துண்டு நைலான் கயிற்றால் கதவைக் கட்டிக்கொண்டுதான் தூங்குகிறேன்.

மீன்பிடித் தடைக்காலத்தில் ஒருநாள் மத்தியானம் அண்ணன் வீடியோவில் கூப்பிட்டான். வண்டியைக் காட்டச் சொன்னான். நான்தான் போனை எடுத்துக்கொண்டு போனேன். எஞ்சின் ரூமுக்கு அப்போது கதவு கிடையாது. ஒரு தார்ப்பாயைத் தொங்கவிட்டு, காற்றில் பறக்காமல் கீழே கல்லை வைத்திருப்போம். அதைப் பார்த்ததும் அவன் முகம் சுருங்கிவிட்டது.

"என்னப்பா இது, தார்ப்பாயப் போட்டு மூடி வச்சிருக்கீங்க. எவனாவது தள்ளிட்டுப் போனாக்கூடத் தெரியாது" என்றான்.

அப்பா என் தோளுக்குப் பின்னால் நின்று, குற்றம் செய்தவர் மாதிரி தலையாட்டினார். வண்டியை முன்னால், பின்னால், பக்கவாட்டில் என்று சுற்றிச் சுற்றிக் காட்டச் சொன்ன அண்ணன், காட்டுகிறவள் எப்படி இருக்கிறாள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மறுநாள் காலையிலேயே தலத்தெருவிலிருந்து வெல்டிங்காரர் வந்து இறங்கிவிட்டார். என் தாழ்ப்பாளுக்குப் பார்க்கலாம் என்று சொன்ன அதே அப்பாதான் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். சுவரை இடித்து இரும்புச் சட்டம் இறக்கி, சிமெண்ட் பூசி, கனமான தகட்டில் கதவு செய்து மாட்டினார்கள். கீல்களை வெளியிலிருந்து யாரும் கழற்ற முடியாதபடி உள்பக்கமாக வைக்கச் சொன்னார் அப்பா. ஆணிக்குப் பதிலாகக் கல்லுக்குள் போல்ட் முடுக்கச் சொன்னார். வெல்டிங்காரர் நல்ல வேலைக்காரர். கதவு சத்தமில்லாமல் போய்ச் சட்டத்தில் உட்கார்ந்தது.

அதோடு விட்டிருக்கலாம். அப்பாவுக்கு மனது கேட்கவில்லை. எஞ்சினைக் கரையிலிருந்து நேராகத் தூக்கி வர வசதியாக அந்த அறையின் வாசல் கடலைப் பார்த்துத்தான் இருக்கிறது. உப்புக் காற்று நேராக வந்து அறையும். இந்த மணலில் இரும்பு நிற்காது என்று சொல்லிக்கொண்டே இருந்தவர், கடைசியில் படகுகளுக்கு ஃபைபர் ஒட்டுகிற தன் கூட்டாளியைக் கூப்பிட்டுவிட்டார். தடைக்காலத்தில் அவருக்குத் தலைக்கு மேல் வேலை. கரையில் வரிசையாகப் படகுகள் அவருக்காகக் கவிழ்ந்து கிடந்தன. அத்தனையையும் விட்டுவிட்டு அண்ணன் வண்டிக்கதவுக்காக வந்தார்.

கதவைக் கீலிலிருந்து கழற்றி, இரண்டு பனங்கட்டைகளின் மேல் படுக்கப் போட்டார்கள். ரெசின் பசையைக் குழைத்து ஊற்றி, ஃபைபர் மேட் என்கிற கண்ணாடி நார்ப் பாயை விரித்து, பிரஷ்ஷால் தட்டித் தட்டிப் படிய வைத்தார்கள். லேபுக்கு லீவு போட்டுவிட்டு நானும் மேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ரெசின் நாற்றத்தில் தலை வலித்தது. கையெல்லாம் ஊறல். படகுக்கு ஒட்டுகிற மாதிரியே ஓரங்களில் மட்டும் மேட்டை மடித்து மடித்து ஒட்டினார் கூட்டாளி.

"தண்ணி எறங்குறதே ஓரத்துலதாண்ணே. அங்க கனமாப் போட்டாத்தான் நிக்கும்" என்றார்.

அப்பாவும் அதை ஆமோதித்தார். வாழ்நாளெல்லாம் படகையே பார்த்த மனிதர்கள். படகு எந்தச் சட்டத்துக்குள்ளும் போய் உட்கார வேண்டியதில்லை என்பது இரண்டு பேருக்கும் உறைக்கவில்லை. நன்றாகக் காய்ந்த பிறகு தூக்கி மாட்டினார்கள். கதவு பாதி வந்து நின்றுவிட்டது. தோளால் தள்ளினார்கள், காலால் உதைத்தார்கள். ஒரு விரல் கனத்துக்கு வீங்கியிருந்த கதவு எப்படிச் சட்டத்துக்குள் போகும்? நான் அடுப்படிக்குப் போய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். எவ்வளவு நாளாயிற்று நான் அப்படிச் சிரித்து.

என் சந்தோஷம் சாயங்காலம் வரைதான். அப்பா எங்கிருந்தோ ஒரு கிரைண்டரை வாங்கிக்கொண்டு வந்தார். முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு, வலிக்கிற முட்டியை மணலில் ஊன்றி, கதவின் ஓரத்தைத் தேய்க்க ஆரம்பித்தார். கூட்டாளி தான் செய்வதாகச் சொல்லியும் கொடுக்கவில்லை. மறுநாளும் தேய்த்தார். ஃபைபர் தூள் படிந்து புருவமெல்லாம் வெளுத்துப்போயிருந்தது. தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தபோது என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஒரு திருகாணி முடுக்கினால் முடிகிற என் தாழ்ப்பாள் நினைவுக்கு வந்தது. சொம்பை அங்கேயே விட்டெறியலாம் போல இருந்தது. பொறாமை என்றால் பொறாமைதான், அதற்கு வேறு பெயர் எதற்கு?

கதவு சட்டத்தில் போய் உட்கார்ந்தது. அப்பாவின் பழைய படகுக்கு அடித்த அதே நீலத்தில் கூட்டாளி பெயிண்ட் அடித்தார். அடித்து முடித்தவர், யாரும் கேட்காமலே, பழக்கத்தில் படகின் பெயரையும் வெள்ளையில் எழுதிவிட்டார். படகுக்கு அண்ணன் பெயர். அப்பா சற்று நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். துடைக்கச் சொல்லவில்லை. பித்தளைப் பூட்டைப் போட்டு, மழை இறங்காமல் அதன்மேல் சைக்கிள் டியூப் துண்டு ஒன்றைத் தொங்கவிட்டு, சாவியை இடுப்பு அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டார். அதன்பிறகு தினமும் விளக்கு வைக்கிற நேரத்தில் போய்ப் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு வருவார்.

அடுத்த கோடையில் அண்ணன் போன் செய்தான். பிள்ளைகளின் படிப்பு, வேலை, எப்போது வரமுடியும் என்று தெரியவில்லை, வண்டியை விற்றுவிடுங்கள் என்றான். பட்டினச்சேரியிலிருந்து ஒருவர் வந்து வாங்கிக்கொண்டார். கொடுப்பதற்கு முன் அப்பா அதை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்தார். வண்டிச் சத்தம் தெருமுனை தாண்டிப் போனபோது, என் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. இனி அந்த அறைக்கு நான்தானே மிச்சம் என்று நினைத்தேன்.

அன்றைக்குச் சாயங்காலம் கொல்லையில் பூட்டை இழுக்கிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். உள்ளே ஒன்றுமில்லாத அறையைப் பூட்டிவிட்டு அப்பா வந்துகொண்டிருந்தார். அடுத்த நாளும் போய் இழுத்துப் பார்த்தார். அண்ணன் மேல் பொறாமைப்பட்டாவது ஓர் அர்த்தம் உண்டு. ஒரு காலியிடத்தைப் பார்த்துப் பொறாமைப்பட்டவள் இந்த ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஐப்பசி அடைமழையில் ஒருநாள் காலை ஸ்கூட்டர் கிளம்பவே இல்லை. நனைந்துகொண்டே மெயின் ரோடுக்கு நடந்துபோய் பஸ் பிடித்தேன். லேபில் எல்லோர் முன்னாலும் திட்டு வாங்கினேன். சாயங்காலம் திரும்பியதும், ஈரப் புடவையோடு அப்பா முன்னால் போய் நின்றேன். அதுவரை நான் கேட்டதே இல்லை. "என் வண்டிய உள்ள விட்டுக்கறேம்ப்பா" என்றேன்.

அப்பா இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்து என் கையில் கொடுத்தார். சாவி அவர் உடம்புச் சூட்டோடு இருந்தது. இவ்வளவுதானா, கேட்டிருந்தால் முதலிலேயே கொடுத்திருப்பாரோ என்று தோன்றியது. இத்தனை நாள் அவரைப் பற்றி நினைத்ததற்கெல்லாம் வெட்கமாகக்கூட இருந்தது. ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு போய், பூட்டைத் திறந்து, புல்லட் நின்ற இடத்திலேயே, அறையின் நட்டநடுவில், ஸ்டாண்டு போட்டேன். மழை வெளியே பெய்துகொண்டிருந்தது. உள்ளே நானும் என் வண்டியும் மட்டும் இருந்தோம்.

பின்னாலேயே அப்பா துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு வந்தார். வாசலில் நின்று பார்த்தார்.

"ஓரமா வைம்மா" என்றார். "நடுவுல எடம் இருக்கட்டும்."

ஸ்டாண்டை எடுத்துவிட்டு வண்டியைச் சுவரோரம் தள்ளினேன். அப்பா கதவைச் சாத்திப் பூட்டி, இழுத்துப் பார்த்துவிட்டு, சாவியை மறுபடியும் இடுப்பில் முடிந்துகொண்டார். நான் என் அறைக்குப் போய், புடவையை மாற்ற வேண்டும் என்பதால் கதவைச் சாத்திக் கயிற்றைக் கட்டினேன்.