கம்பளி போர்த்திய புறாக்கூடை

கம்பளிக்குள்ளிருந்து வந்த 'குர்... குர்' சத்தம் ரயில் இரைச்சலையும் மீறி என் மடியில் அதிர்ந்துகொண்டிருந்தது. யுத்த காலம், ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேனாக இருந்த அப்பாவுக்கு மொரப்பூரிலிருந்து பொம்மிடிக்கு மாற்றலாகி, சட்டி பானைகளோடு என்னுடைய ஐந்து புறாக்களும் கூடையில் வந்தன. புறா பழைய 'வூட்டுக்கே' ஓடிவிடும் என்று எல்லோரும் பயமுறுத்தியதால், அப்பா கூடையைக் கறுப்புக் கம்பளியால் இறுக்கிச் சுற்றி, "வழியப் பாத்தாத்தானே கண்ணு திரும்பப் போகும்?" என்றார். அவர் கெட்டிக்காரத்தனத்தில் நான் பூரித்துப்போனேன்.

பத்து நாள் அடைத்துவைத்துத் தீனி போட்டு, ஒரு காலையில் நாலு புறாக்களைத் திறந்துவிட்டோம். ஐந்தாவதான 'மணி'க்குச் சிறகில் புண். நாலும் தலைக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, நேரே மொரப்பூர்ப் பக்கம் பறந்துபோயின.

மறுநாள், எங்கள் பழைய குவார்ட்டர்ஸுக்குக் குடிவந்திருந்த அம்மாள் பாசஞ்சரில் வந்து இறங்கினாள். இடுப்பில் மூன்று வயதுப் பையன். கால்கள் துணியாகத் தொங்கின.

"அண்ணா, புறா ரத்தம் தேச்சா இவனுக்குக் காலு வரும்னு வைத்தியரு சொன்னாருங்க. தேடாத எடமில்ல. இப்ப நாலு புறா தானா வந்து வூட்டு மேல குந்தியிருக்குது. உங்களுதுன்னாங்க. எடுத்துக்கட்டுங்களா?"

அறுக்காமல் ரத்தம் ஏது? கூடாது என்று கத்த வாயெடுத்தேன். அந்தப் பையன் என் ரிப்பனைப் பிடித்து இழுத்துச் சிரித்தான். பாவி, அந்நேரம் பார்த்தா சிரிக்க வேண்டும்! நான் வாயை மூடிக்கொண்டேன். அப்பா தரையைப் பார்த்தபடி, "எடுத்துக்கம்மா" என்றார்.

மணிக்குப் புண் ஆறியது. கூடைக்குள் ஒரே பக்கமாக முட்டிக்கொண்டு நிற்கும்; கூடையை நான் திருப்பிவைத்தால் அதுவும் திரும்பி மறுபடி மொரப்பூர்ப் பக்கமே முட்டும். பையனுக்குக் கால் வரவில்லை, இன்னொரு புறாவுக்கு அலைகிறார்கள் என்று ரயிலில் வந்தவர்கள் சொன்னார்கள்.

"பாவம்டி, உட்டுடு," என்றாள் அம்மா.

"உட்டா அங்கதானேம்மா போகும்?"

மணி மூன்று வருஷம் கூடையிலேயே இருந்து செத்தது. அந்தப் பையன் கடைசிவரை நடக்கவில்லை.

பூமியே ஒரு பெரிய காந்தமாம், அதை உணர்ந்து புறா திசை அறிகிறதாம். வெகுகாலம் கழித்துப் பத்திரிகையில் படித்தேன். கம்பளி எந்த மூலைக்கு! போன மாதம் மொரப்பூரில் இறங்கிப் பார்த்தேன். குவார்ட்டர்ஸை இடித்துவிட்டார்கள், புல் முளைத்துக் கிடக்கிறது. இப்போது திறந்துவிட்டால் அங்கே பிடிப்பதற்கு ஆளில்லை. மணிதான் இல்லை.