ஒரே ஆள், இரண்டு நம்பர்

போன வருஷம் ஆடி மாதம் நடந்தது இது. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு உரக்கடையில் நான் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறேன். உரம், விதை, பூச்சிமருந்து, கோழித்தீவனம், தார்ப்பாய், எலிப்பொறி எல்லாம் விற்கும் கடை. கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வருகிறவர்களும், சுற்றுவட்டாரத்து விவசாயிகளும்தான் வாடிக்கையாளர்கள். முன்னால் கவுண்டரில் ஒரு அண்ணன் பில் போடுவார். உள் அறையில் கணக்கு, ஸ்டாக், வரி என்று மற்ற தலைவலி எல்லாம் என்னுடையது.

முதலாளி அப்போதுதான் புது சாஃப்ட்வேர் வாங்கியிருந்தார். பழையதில் இருக்கும் வாடிக்கையாளர் விவரங்களைப் புதியதுக்கு மாற்றுவதற்கு முன்னால் 'டபுள் என்ட்ரி' எல்லாவற்றையும் எடுத்துவிடச் சொன்னார். ஒரே ஆள் இரண்டு மூன்று தடவை பதிவாகியிருப்பார். ஒரு தடவை இனிஷியலோடு, ஒரு தடவை இனிஷியல் இல்லாமல், ஒரு தடவை பழைய போன் நம்பரில், ஒரு தடவை புது நம்பரில். எல்லாவற்றையும் சேர்த்து ஒரு ஆளுக்கு ஒரு பெயர், ஒரு நம்பர் என்று ஆக்க வேண்டும். பில் போட்டவுடன், என்னென்ன வாங்கினார்கள் என்று அந்த நம்பருக்கு மெசேஜ் போகும். அதனால் நம்பர் விஷயத்தில் முதலாளி கறாராக இருந்தார்.

எனக்கு இந்த வேலை ரொம்பப் பிடித்திருந்தது. வீட்டிலும் நான் அப்படித்தான். மூடி தொலைந்த டப்பா, ஜோடி இல்லாத சாக்ஸ், எதுவும் என் கண்ணில் பட்டால் தப்பாது. என் வீட்டுக்காரர் வெளியூர் போய்விட்டு வந்தால், சட்டைகள் எல்லாம் உயிரோடு இருக்கின்றனவா என்று முதலில் பீரோவைத் திறந்து பார்ப்பார்.

ஆனால் இதில் கண்ணை மூடிக்கொண்டு சேர்க்க முடியாது என்பது சீக்கிரமே தெரிந்துவிட்டது. மலைமேல் ஒரு ஊரில் ஏழெட்டுப் பேர் ஒரே போன் நம்பரில் இருந்தார்கள். அதில் பாதிப் பேருக்குப் பெயரும் ஒன்றேதான், குலசாமி பெயர். எல்லாரும் ஒரே ஆள் என்று கம்ப்யூட்டர் அடித்துச் சொன்னது. அந்த நம்பருக்குப் போன் போட்டால், எடுத்தவர் ஒரு டீக்கடைக்காரர். அந்த ஊரில் டவர் கிடைப்பது அவர் கடை வாசலில் மட்டும்தானாம். ஆளாளுக்கு அவர் நம்பரைக் கொடுத்துவிட்டிருக்கிறார்கள். "அவங்கல்லாம் வேற வேற ஆளுங்கம்மா. நான் ஒருத்தன்தான் டீக்கடை" என்றார்.

இதைக் கேட்டுவிட்டு முதலாளி, போன் போட்டு விசாரிக்காமல் எந்தப் பெயரையும் சேர்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். அந்த ஒரு வார்த்தைக்கு இன்றைக்கும் அவருக்கு மனதுக்குள் நன்றி சொல்லிக்கொள்கிறேன். நேரில் சொன்னால் பெருமை பேசியே ஆளைக் கொன்றுவிடுவார்.

அப்படி விசாரிக்க வேண்டிய பெயர்களில் ஒருவர், வெள்ளிமலைக்கும் அப்பால் ஒரு சின்ன ஊர்க்காரர். அவரைக் கடையில் பார்த்திருக்கிறேன். ஐம்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். மரவள்ளி, மக்காச்சோளம், சாமை போடுகிறவர். செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் கடைக்குள் வருவார், வேண்டாம் என்றாலும் கேட்க மாட்டார். கேட்டதற்கு மட்டும் பதில். நான் கிண்டல் செய்தும் சிரிக்காத ஒரே வாடிக்கையாளர் அவர்தான் என்பதால் எனக்கு அவர்மேல் கொஞ்சம் கோபமும் உண்டு.

அவர் இரண்டு தடவை பதிவாகியிருந்தார். பெயர், அப்பா பெயர், ஊர் எல்லாம் ஒன்று. நம்பர் மட்டும் வேறு. ஒரே ஆள்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பழைய நம்பரை எடுத்துவிட்டுப் புதியதை வைத்துக்கொள்ள வேண்டியதுதான். இருந்தாலும் முதலாளி சொல்லியிருக்கிறாரே என்று பழைய நம்பருக்குப் போன் போட்டேன்.

ஒரு பெண் எடுத்தாள். பின்னால் வரிசையாகத் தையல் மெஷின்கள் ஓடுகிற சத்தம். கள்ளக்குறிச்சி உரக்கடையிலிருந்து பேசுகிறேன் என்று சொல்லி, அவர் பெயரைச் சொன்னேன். அவ்வளவுதான்.

"அப்பாவுக்கு இன்னா ஆச்சி?" என்றாள்.

ஒன்றும் ஆகவில்லை, நம்பரைச் சரிபார்க்கத்தான் கூப்பிட்டேன் என்று நான் திரும்பத் திரும்பச் சொன்ன பிறகுதான் அவளுக்கு மூச்சே வந்தது. அவருக்கு இப்போது இன்னொரு நம்பர் இருக்கிறது, இந்த நம்பரை எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன். எடுத்துவிடாதீர்கள் அக்கா என்று கெஞ்சினாள். ஒரு உரக்கடை நம்பருக்கு எதற்கு இவ்வளவு கெஞ்சல் என்று எனக்குப் புரியவில்லை. மெஷின் சத்தத்திலிருந்து தள்ளிப் போய் நின்றுகொண்டு அவளே சொன்னாள்.

அவள் அவருக்கு ஒரே மகள். அம்மா எப்போதோ போய்விட்டார். அப்பாவும் மகளும் மட்டும்தான். வீட்டில் இருந்த ஒரே போன் இவள் கையில் இருந்ததால் கடையில் அந்த நம்பரைக் கொடுத்திருக்கிறார்கள். பிறகு கீழே இருக்கிற ஊர்ப் பையன் ஒருவனை விரும்பி, அப்பா ஒத்துக்கொள்ளாமல், அவனோடு திருப்பூர் போய்விட்டாள். இரண்டு பேருக்கும் பனியன் கம்பெனியில் வேலை. போன புதிதில் ஊர்க்காரர்கள் போனுக்கெல்லாம் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறாள். மகள் என்று தெரிந்ததும் அவர் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நடந்துவிடுவாராம். கொஞ்ச நாளில் கூப்பிடுவதை விட்டுவிட்டாள்.

ஆனால் எங்கள் கடை மெசேஜ் மட்டும் அவளுக்கு வந்துகொண்டே இருந்திருக்கிறது. மக்காச்சோள விதை என்று வந்தால் காடு உழுதாகிவிட்டது என்று தெரிந்துகொள்வாளாம். கோழித்தீவனம் என்று வந்தால், பரவாயில்லை, வீட்டில் கோழி இருக்கிறது, பேச்சுத்துணைக்கு அதாவது இருக்கிறது என்று நினைத்துக்கொள்வாளாம். தார்ப்பாய் வாங்கிய அன்றைக்குத்தான் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

"வூடு ஒழுவுதுன்னுதானக்கா அர்த்தம்? நான் இருந்தப்பவே அடுப்பாண்ட ஒழுவும்" என்றாள்.

தினமும் மூட்டை மூட்டையாகச் சரக்கு போகிறது. அதை ஒருத்தி திருப்பூரில் உட்கார்ந்து இப்படி எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருக்கிறாள் என்று யாருக்குத் தெரியும்?

அவள் கேட்டது இவ்வளவுதான். அந்த நம்பரை எடுக்கக் கூடாது, அப்பாவிடம் சொல்லவும் கூடாது. கடைக்காரர்கள் கவனிக்காமல் பழைய நம்பரிலேயே பில் போடுகிறார்கள் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். அப்பாவுக்குத் தெரிந்தால் நிறுத்திவிடுவார் என்று பயம். பார்க்கிறேன்மா என்று சொல்லி வைத்தேன். எதைப் பார்ப்பது? ஒரு ஆளுக்கு ஒரு நம்பர்தான் என்று முதலாளி ஒற்றைக்காலில் நிற்கிறார்.

அவருடைய பில்களை எடுத்துப் பார்த்தேன். புது நம்பரில் ஒரே ஒரு பில் இருந்தது. அதற்கு அப்புறம் வந்ததெல்லாம் மறுபடியும் பழைய நம்பரில். இது கவுண்டர் அண்ணனின் சோம்பேறித்தனம், வேறு என்ன என்று நினைத்து, இரண்டு வார்த்தை கேட்டுவிடலாம் என்று எழுந்து போனேன்.

"நான் இன்னா பண்றது? நம்பர் கேட்டா அவரு அதத்தான் சொல்றாரு" என்றார் அண்ணன்.

புது நம்பர் அவருக்கு மனப்பாடம் ஆகவில்லையாம். கேட்டால் போனை எடுத்துத் தடவிக்கொண்டு நிற்பாராம். பழைய நம்பர் என்றால் தண்ணீர் பட்ட பாடு. அதோடு விடுவதில்லை. பில் போட்டு முடித்ததும், மெசேஜ் போச்சா என்று கேட்பாராம். போச்சு என்று சொன்ன பிறகுதான் மூட்டையைத் தூக்குவாராம். இதையெல்லாம் அண்ணன் ஏதோ மழை வரும் போல இருக்கிறது என்று சொல்கிற மாதிரி சொல்லிவிட்டு அடுத்த ஆளுக்கு யூரியா பில் போட ஆரம்பித்துவிட்டார்.

மகளின் போனைக் காதில் வாங்காத மனிதர், மகள் நம்பரை மட்டும் நெஞ்சில் வைத்துக்கொண்டு, அவளுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டதா என்று மலையிலிருந்து இறங்கி வந்து எங்கள் கவுண்டரில் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறார். உள்ளே போய் உட்கார்ந்து அழுதேன். யாரோ எட்டிப் பார்த்தபோது பூச்சிமருந்து நெடி என்று சொல்லிச் சமாளித்தேன்.

முதலாளியிடம் விஷயத்தைச் சொன்னேன். இது உரக்கடையா, போஸ்ட் ஆபீசா என்று கேட்டார். அப்புறம், "சரி, அந்த ஒரு ஆள மட்டும் வுட்டுடு" என்றார்.

அடுத்தது நானே தேடிக்கொண்ட வேலை. அப்பாவிடம் சொல்ல வேண்டாம் என்றுதான் அவள் கேட்டாள். அவளிடம் சொல்ல வேண்டாம் என்று என்னிடம் யாரும் சொல்லவில்லையே. என் வாயை ஒரு நாளுக்குமேல் அடக்கி வைக்க முடியவில்லை. போன் போட்டு, கடைக்காரர் மறதி இல்லைம்மா, உங்கள் அப்பாதான் அந்த நம்பரைச் சொல்லிப் பில் போடச் சொல்கிறார், போச்சா என்று கேட்டுக்கொண்டு போகிறார் என்று சொல்லிவிட்டேன்.

"போச்சான்னு கேப்பாரா?" என்றாள். ஆமாம் என்றேன். "இன்னொரு தபா சொல்லுங்கக்கா" என்றாள். சொன்னேன். போனை வைத்துவிட்டாள்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டிருந்த சமயம், அவளே கூப்பிட்டாள். தலையில் மாட்டுகிற டார்ச் லைட் உங்கள் கடையில் இருக்கிறதா என்று கேட்டாள். மக்காச்சோளம் கதிர் பிடித்துவிட்டால் காட்டுப்பன்றி வரும், அப்பா காவலுக்குப் போவார், வீட்டில் இருக்கிற டார்ச்சைத் தட்டினால்தான் எரியும் என்றாள். நல்லதாக ஒன்று எடுத்து வைக்கச் சொல்லி, போனிலேயே பணம் அனுப்பினாள். அப்பாவுடைய இன்னொரு நம்பர் இருக்கிறது என்றீர்களே, அதில் பில் போடுங்கள் என்றாள். அந்த நம்பர் என்ன என்று அவள் கேட்கவில்லை. உன் பெயரை எழுதி ஒட்டட்டுமா என்று கேட்டேன். "வேணாங்க்கா. அவருக்குத் தெரியும்" என்றாள்.

பில் போட்டேன். மெசேஜ் போனது. அடுத்த வாரமே அவர் வந்துவிட்டார். செருப்பைக் கழற்றிவிட்டு, என்றைக்கும் இல்லாமல் நேராக உள் அறைக்கு வந்து போனை நீட்டினார்.

"ஏம்மா, இத நான் வாங்கலியே."

எடுத்து வைத்திருந்த டார்ச் பெட்டியை மேஜைமேல் வைத்தேன். "உங்க பேர்லதான்ணா பில் ஆயிருக்குது. எடுத்துக்கினு போங்க" என்றேன். அதற்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை. இதைச் சொன்னால் என் வீட்டுக்காரர் இன்னும் நம்ப மாட்டேன் என்கிறார்.

அவர் பெட்டியைப் பிரிக்கவில்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். யார் வாங்கியது என்று கேட்கவில்லை. அப்படியே திரும்பிக் கவுண்டருக்குப் போய், ஒரு பில் போடச் சொன்னார். என்ன வேணும் என்று அண்ணன் கேட்டார். அவர் அலமாரிகளை ஒரு சுற்று பார்த்தார்.

"ஏதாச்சும் போடு. மெசேஜ் போவணும்" என்றார்.

அண்ணன் கைக்கு எட்டிய கீரைவிதைப் பாக்கெட் ஒன்றை எடுத்து பில் போட்டார். நம்பர் கேட்கவில்லை. போச்சா என்று அவர் கேட்பதற்கு முன்னால் நான் உள்ளேயிருந்தே, போயிடுச்சிண்ணா என்று சொன்னேன். என் பக்கம் பார்த்துத் தலையை ஆட்டினார். வெள்ளிமலை பஸ்ஸுக்கு அவர் நடந்து போவதை வாசல்வரை வந்து பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஒரு வருஷம் ஆகப்போகிறது. இன்னமும் இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. இங்கிருந்து விதை, தீவனம், கயிறு. அங்கிருந்து மழைக்கோட்டு, வயலுக்குப் போடுகிற பூட்ஸ். ஒருநாள் பொறுக்க முடியாமல் அவளிடம், நம்பர் தருகிறேன், அவரிடம் கேட்டுவிட்டே தருகிறேன், நீயே கூப்பிட்டு ரெண்டு வார்த்தை பேசேன் என்றேன். "அவரு பேசாம வச்சிட்டா, அப்பறம் இதுவும் இல்லாம போயிடுங்க்கா" என்றாள். கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறார்கள், தொட்டால் உடைந்துவிடுமோ என்று இரண்டு பேருக்கும் பயம்.

என் மகள் சென்னையில் படிக்கிறாள். சாப்பிட்டாயா என்று கேட்டால் கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்புவாள். முன்பெல்லாம் பற்றிக்கொண்டு வரும். இப்போது அந்தக் கட்டைவிரல் வருகிறவரைக்கும் போனையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

புது சாஃப்ட்வேர் கெட்டிக்காரத்தனமானது. இவர்கள் இரண்டு பேரும் ஒரே ஆள், சேர்த்துவிடலாமா என்று மாதாமாதம் அந்தப் பெயரைக் கொண்டுவந்து காட்டும். நான் 'வேண்டாம்' என்று அழுத்துவேன். அடுத்த மாதம் மறுபடியும் கேட்கும். அவர்கள் இரண்டு பேரும் தங்களுக்குள் வைத்துக்கொண்டிருக்கிற ஒரே பேச்சை ஒரு விரல் தவறினால் நான் அறுத்துவிட முடியும் என்ற நினைப்பில், எதையும் யோசிக்காமல் தூக்கி எறிகிற என் கை, அந்த இடத்தில் மட்டும் இன்றைக்கும் ஒரு நிமிஷம் நின்றுவிட்டுத்தான் நகர்கிறது.